மாப்பிள்ளை சுற்றிக் காட்டிய திண்டுக்கல்

சாந்தி,

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் மதுரையில் நீ பஸ் ஏறுவதற்கு முன்னால் இதை முழுவதும் படித்துவிடு. பாதியைப் படித்துவிட்டு மீதியைப் பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் வைக்காதே. உங்கள் ஹாஸ்டல் வார்டன் அம்மா பெண்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார் என்று நீ சொல்லியிருக்கிறாய். பார்க்கட்டும். சாப்பாட்டு அறையில் நின்று எல்லாப் பெண்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் யார் படித்தாலும் எனக்குச் சந்தோஷமே.

ஞாயிற்றுக்கிழமை தொப்பம்பட்டியிலிருந்து உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா எழுதியிருப்பாள். பையன் பெயர் முருகானந்தம், திண்டுக்கல்லில் எம்.காம். கடைசி வருஷம், கிணற்றோடு தோட்டம், ஒரே மகன். போட்டோவைப் பார்த்தபோது நீ ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நீ அந்தப் போட்டோவைத் திருப்பித் தராமல் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போய்விட்டாய் என்பதை நானும் கவனித்தேன். அதனால்தான் இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. உன் மனதில் ஒரு முகம் உட்கார்ந்துவிட்ட பிறகு அந்த முகத்தைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். வீட்டில் வைத்துச் சொல்லலாம் என்றால் உன் அம்மா அழுவாள், பெரியப்பா நடுவில் புகுந்து பேசுவார், நீ அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

இந்தத் திங்கட்கிழமை பெரியப்பாதான் என்னை விசாரிக்க அனுப்பினார். பையன் வீட்டாருக்குத் தெரியாமல் அவன் இருக்கிற இடத்துக்குப் போய் முடிவெட்டுகிறவர், துணி தேய்க்கிறவர், டீக்கடைக்காரர், வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரர் என்று நாலு பேரிடம் பேச்சோடு பேச்சாக விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம் என்பது உனக்குத் தெரியும். சிகரெட் உண்டா, குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா, பெண் சகவாசம் உண்டா. இந்த நாலுக்கும் இல்லை என்று பதில் வந்தால் மாப்பிள்ளை தங்கம். போகிறவன் தான் யார் என்று சொல்லக் கூடாது. அதனால் நானும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். என் தங்கை மகன் அடுத்த வருஷம் கல்லூரியில் சேரப்போகிறான், அவனுக்கு ஓர் அறை பார்க்க வந்திருக்கிறேன் என்பது அந்தப் பொய். எனக்குத் தங்கையே இல்லை.

முப்பது வருஷமாக நான் திண்டுக்கல்லுக்குப் போய் வருகிறேன். ஆனால் விடிவதற்கு முன்னால் சம்பங்கி மூட்டையோடு போய் இறங்கி, பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். அந்த ஊரின் சாயங்காலத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பையன் வாடகைக்கு இருக்கிற வீட்டுச் சந்தில் நுழைந்ததுமே சாக்கடையும் தோல் பதனிடுகிற இடத்து வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன, தண்ணீர் வரவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஒருவன் வாய் கொப்பளித்துத் துப்புகிறான். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் ஐந்து அறைகளைக் கல்லூரிப் பையன்களுக்கு விட்டிருக்கிறார். நான் என் பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மாடிப்படியைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"இந்தா, நம்ம முருகானந்தம் எறங்கி வாரான் பாருங்க. ஊரு பூராம் அவனுக்கு அத்துபடி. எந்தப் புதுப் பய வந்தாலும் அவன்தான் கூட்டிட்டுப் போயி சுத்திக் காட்டுவான். நீங்களும் அவங்கூடப் போயி எல்லாத்தையும் பாத்துக்கங்க" என்றார்.

போட்டோவில் இருந்த அதே முகம். அதே படிய வாரின தலை. நான் அப்போதே ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பியிருக்க வேண்டும். விசாரிக்கப் போகிறவன் மாப்பிள்ளையோடு நேரில் பேசுவது முறையே இல்லை. ஆனால் எனக்கு ஆசை வந்துவிட்டது. நாலு பேரைக் கேட்பதைவிட அவனையே கூட இருந்து பார்த்துவிடலாமே என்று ஆசை. அவன் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். "ஏனுங்க பெரியப்பா, தம்பி எந்த குரூப்புங்க?" என்று என்னைக் கேட்டான். காமர்ஸ் என்று சொல்லிவைத்தேன். "அப்ப நம்மாளுதானுங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பிடித்துப் போனது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனான். பஸ் ஏறுவதற்கு இல்லை, வேடிக்கை பார்ப்பதற்கு. சாயங்காலம் பெண்கள் கல்லூரி விட்டு வருகிற நேரத்துக்கு எந்த இடத்தில் நின்றால் எந்த ஊர்ப் பெண்கள் வருவார்கள் என்று அவனுக்கு மனப்பாடம். நத்தம் பஸ் நிற்கிற இடம் ஒரு கூட்டத்துக்கு, வத்தலக்குண்டு பஸ் நிற்கிற இடம் இன்னொரு கூட்டத்துக்கு என்று பையன்கள் பாகம் பிரித்துக்கொண்டு தூண்களில் சாய்ந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் காதை மூடின முடி, தெருவைக் கூட்டுகிற மாதிரி கால்சட்டை. பெண்கள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி போகிறார்கள். நீயும் இப்படித்தானே பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி நடப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். "கிண்டல் பண்றதெல்லாம் நமக்குப் பிடிக்காதுங்க பெரியப்பா. தூர நின்னு பாக்கறதோட சரி" என்றான் இவன். அதைக் கேட்டு மனதுக்குள் ஒரு மார்க் போட்டேன். அப்படித்தான் சாந்தி, அன்று சாயங்காலம் முழுவதும் நான் அவனுக்கு மார்க் போட்டுக்கொண்டேதான் நடந்தேன்.

அடுத்தது மலைக்கோட்டை. வெயில் தணிந்த பிறகு ஏறினால்தான் காற்று என்றான். பாறையில் செதுக்கின படிகளில் எனக்கு மூச்சு வாங்கியதும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். மேலே காற்று நன்றாகத்தான் இருந்தது, நான்கு பக்கமும் ஊர் தெரிந்தது. ஆனால் எத்தனை சண்டைகளைப் பார்த்த கோட்டை, அதன் சுவர் முழுக்கக் கரியால் பெயர்கள். வெடிமருந்துக் கிடங்கு என்று அவன் காட்டின அறைக்குள் ஒரு காலை வைத்தவன் அப்படியே வெளியே வந்துவிட்டேன். ஊர் முழுவதும் அங்கேதான் ஒன்றுக்குப் போகிறது போலிருக்கிறது. புளியோதரை கட்டிவந்த இலை, பாட்டில் துண்டு, எலும்பு. இதைப் பார்ப்பதற்குத்தான் வெளியூர்ப் பிள்ளைகள் ஏறி வருகிறார்களாம். காவலாளி விசில் ஊதுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தால் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைப் பார்க்கலாம் என்றும் சொன்னான். எனக்கு எங்கே கண்ணை வைப்பது என்று தெரியவில்லை.

கீழே இறங்கியதும் கேசட் கடையைக் காட்டினான். எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் பதிந்து தருவார்களாம். வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்குத் தருகிற கடையைக் காட்டினான். அதை ரூமுக்குக் கொண்டுவந்து ஓர் இராத்திரிக்கு மூன்று படம் பார்ப்பார்களாம், மறுநாள் வகுப்பில் தூங்குவார்களாம். தியேட்டர்களில் எதில் மூட்டைப்பூச்சி, எச்சில் துப்பாத வரிசை எது என்பதெல்லாம் சொன்னான். சாராயக்கடைச் சந்து வந்ததும் வேகமாக நடந்தான். "இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கக் கூடாதுன்னு உங்க மருமகன்கிட்டச் சொல்லிருங்க. நம்ம ரூம்ல ஒருத்தன் இதனாலயே படிப்பை விட்டுட்டுப் போனானுங்க" என்றான். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளையா என்று மனம் பூரித்துப் போனது. பரோட்டாக் கடையில் எச்சில் இலையை எடுத்த கையாலேயே மேசையைத் துடைத்து, அதே கையால் டம்ளருக்குள் விரலை விட்டுத் தூக்கிவந்து வைத்தார்கள். ஆனாலும் இவன் பிய்த்துப் போட்டு "சாப்பிடுங்க பெரியப்பா" என்று சொன்னதற்காகச் சாப்பிட்டேன்.

பொருட்காட்சி மைதானத்தில்தான் எல்லாம் கெட்டது. இராட்டினம், அப்பளக் கடை, வளையல் கடை என்று சுற்றிவிட்டு ஒரு கொட்டகை வாசலில் நிறுத்தினான். பெண் தலையும் பாம்பு உடம்புமாகப் பிறந்த அதிசயப் பிறவி என்று ஒலிபெருக்கியில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றேன். "ஊருக்கு வந்துட்டு இதைப் பாக்காமப் போகலாமுங்களா" என்று டிக்கெட் வாங்கிவிட்டான். உள்ளே கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். மேசைமேல் துணியில் பஞ்சு அடைத்துச் செய்த பாம்பு உடம்பு, அதன் முனையில் ஒரு பெண்ணின் தலை. உன் வயதுதான் இருக்கும். முகத்தில் அப்பின பவுடர் வேர்வையில் கரைந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. உன் பெயர் என்ன, என்ன சாப்பிடுவாய் என்று கொட்டகைக்காரன் கேட்கக் கேட்க அவள் பாலும் முட்டையும் என்று ஒப்பித்தாள். பிறகு கூட்டம் கேட்க ஆரம்பித்தது. கல்யாணம் ஆயிருச்சா, சமைக்கத் தெரியுமா என்று ஆளாளுக்குக் கேட்டுச் சிரித்தார்கள். நம் பையனும் கையைத் தூக்கினான். "பாடத் தெரியுமாங்க?" என்றான், அவ்வளவு மரியாதையாக. அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. கொட்டகைக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நெற்றியில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. கை இரண்டும் மேசைக்கு அடியில் இருப்பதால் அவளால் அதை விரட்ட முடியவில்லை, புருவத்தை மட்டும் அசைத்து அசைத்துப் பார்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

"எல்லாம் ஏமாத்துங்க பெரியப்பா" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான். "இதுக்காவது டிக்கெட்டுங்க. டிக்கெட்டே இல்லாத ஒண்ணு எங்களுக்கு ஞாயித்துக்கெழமையில இருக்குதுங்க."

"அது என்னா தம்பி?" என்றேன்.

"பொண்ணு பாக்கறதுங்க."

அதற்குப் பிறகு அவன் சொன்னதை எல்லாம் நான் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அவனுக்கு இப்போதைக்குக் கல்யாணத்தில் எண்ணமே இல்லையாம். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, அதற்கும் ரெண்டு வருஷம் கழித்துத்தானாம். ஆனால் அம்மாவுக்கு ஆசை, மாமாவுக்கு ஆசை, கூப்பிடுகிறார்கள், போகிறான். போகும்போது நண்பன் என்று சொல்லி அறையிலிருந்து முறைவைத்து ஒருவனைக் கூட்டிப்போவானாம். கேசரி, பஜ்ஜி, காப்பி. "போன மாசம் ஒட்டன்சத்திரத்துல ஒரு வீடுங்க. பொண்ணுக்குக் கொஞ்சம் மாறுகண்ணு. ஆனா கேசரிக்கு நூத்துக்கு நூறு குடுத்துட்டோமுங்க" என்றான். திரும்பி வந்து அறையில் எல்லாப் பையன்களையும் உட்கார வைத்து, அந்தப் பெண் எப்படி வந்தாள், எப்படித் தட்டை நீட்டினாள், எப்படிக் கீழே விழுந்து கும்பிட்டாள் என்று நடித்துக் காட்டுவானாம். பையன்கள் உருண்டு உருண்டு சிரிப்பார்களாம். எனக்கும் காட்டினான். இராட்டினத்து விளக்கு வெளிச்சத்தில், கையில் தட்டு இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அடி மேல் அடி வைத்து என்னை நோக்கி நடந்து வந்தான். அச்சு அசலாக இருந்தது. நீ நடக்கிற மாதிரியே இருந்தது.

"வேண்டாம்னு எப்பிடிச் சொல்லுவீக?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்னு மாமா சொல்லிருவாருங்க. போட மாட்டோமுங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"அந்தப் புள்ளைக மனசு கஷ்டப்படாதா தம்பி?"

"அவங்களுக்கென்னுங்க பெரியப்பா. பழகியிருக்குமுங்க."

இதோடு நின்றிருந்தால்கூட நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. அடுத்ததாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னான். பூத்தோட்டக்காரர் வீடாம், பெண் மதுரையில் டைப்பிஸ்டாம். "ஏற்கெனவே மூணு எடம் தட்டிப் போச்சாமுங்க. அந்த மாதிரி வீட்டுலதான் கவனிப்பு பலமா இருக்கும். நெய்யெல்லாம் தாராளமா ஊத்துவாங்க" என்றான். சொல்லிவிட்டு எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தான்.

அவனை அறைந்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். நான் அறையவில்லை. யார் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக இடம் பிடித்துக் கொடுத்தான், பையை என் மடியில் வைத்தான். நான் "நல்லா இருங்க தம்பி" என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. அது மட்டும் இல்லை, செம்பட்டி வந்து சேருவதற்குள் நான் மனதுக்குள் கூட்டிக் கழித்தும் பார்த்தேன். சிகரெட் இல்லை, குடி இல்லை. பெரியவர்களிடம் மரியாதை இருக்கிறது. தோட்டம் இருக்கிறது. வயசுப் பிள்ளை, ஒரு குடும்பம் ஆனால் சரியாகிவிடும். சாந்தியைப் பார்த்தால் மனம் மாறினாலும் மாறும். இப்படியெல்லாம் யோசித்தேன். அந்த ஊர்ச் சாக்கடையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்ட எனக்கு, அந்த யோசனை வந்தபோது என்மேலேயே நாறியது. சீ என்று ஆகிவிட்டது. செம்பட்டியில் இறங்கிக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பரோட்டா அப்படியே வாந்தியாக வந்தது.

இதற்கு முன்னால் வந்த மூன்று பேரும் இப்படித்தான் வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதாக வந்தவர்களில் ஒரு அத்தைக்காரி உன் காலில் ஏதாவது ஊனம் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டு, தண்ணீர் கேட்கிற சாக்கில் உன்னை எழுப்பினாள். உனக்குப் புரியவில்லை, அம்மாவே கொண்டுவருவாள் என்று உட்கார்ந்திருந்தாய். நான்தான் "எந்திரிச்சு நடந்து காட்டும்மா" என்று சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ நடந்தாய். மூன்றாவதாக வந்தவர்கள் லெட்டர் போடுவதாகச் சொல்லிப் போனார்கள். ஊருக்கு வருகிற ஒவ்வொரு சனி ஞாயிறும் முதல் வேலையாகத் தபால் வந்ததா என்று நீ கேட்பாய். வேறு எதற்கோ கேட்கிற மாதிரி கேட்பாய். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். எந்த ஊரில் எந்த அறையில் யார் உன்னை மாதிரி நடந்து காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தானோ.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா முழுவதையும் கேட்டார். "ஏப்பா, சிகரெட்டு குடிக்கிறானா?" என்றார். இல்லை என்றேன். "தண்ணி போடுறானா?" என்றார். இல்லை என்றேன். "பொறவு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வயசுப் பய. நாலு பேரு மத்தியில அப்பிடித்தான் பேசுவான். நீ என்னமோ பெரிய கொலைக் குத்தம் மாதிரி சொல்ற" என்றார். உன் அம்மா நெய்க்குச் சொல்லிவிட்டிருந்தாள், சாந்தி. அந்த நேரத்தில் தூக்குவாளியோடு நெய்க்காரர் வாசலில் நின்றார். "ஒங்களுக்கு எதுலதான் குத்தம் இல்ல. மூணு எடம் போச்சு. நாலாவதும் போச்சுன்னா இனி எவன் நம்ம வாசப்படியை மிதிப்பான்? அவுக வரட்டும். புள்ளையப் பாத்தா அவனுக்கே பிடிச்சுப் போகும்" என்று உன் அம்மா அழுதாள். நான் பஸ்ஸில் யோசித்ததையேதான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவள்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை.

நேற்று, புதன்கிழமை, காலையில் யாரிடமும் சொல்லாமல் தொப்பம்பட்டிக்குப் போனேன். நல்ல வீடு. அந்த அம்மா, பெண் வீட்டுக்காரர் என்று தெரிந்ததும் பாயை விரித்து மோர் கொடுத்தார். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்கிறார்கள் என்று பையனும் ஊரில்தான் இருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் துண்டோடு நின்றுவிட்டான். வெளுத்துப் போனான். என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனான்.

"தெரியாமப் போச்சுங்க. உங்க வீடுன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமாச் சொல்லியிருக்க மாட்டனுங்க" என்றான். அழுகிற மாதிரி இருந்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"சரி தம்பி. அந்த ஒட்டன்சத்திரத்துப் புள்ளைக்கு என்னா பதில் சொன்னீக?" என்று கேட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு, "எந்தப் புள்ளைங்க?" என்றான்.

நான் திரும்பி வந்து அவன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். உங்கள் பையனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "சிகரெட்டுக்கூடத் தொட மாட்டானுங்களே" என்றார் அந்த அம்மா. தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மோரைக் குடிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு அது வருத்தமாக இருந்திருக்கும், அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இதை உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. கேட்டிருந்தால் அம்மா அழுவதைப் பார்த்துவிட்டு, வரட்டும் அப்பா என்று நீ சொல்லியிருப்பாய், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுக்கும் அவன் கூட்டிவருகிற நண்பனுக்கும் முன்னால் தட்டோடு வந்து நின்றிருப்பாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் பாயில் உட்கார்ந்திருக்க முடியாது. உனக்குக் கோபம் வந்தால் என்மேல் கோபப்படு, அம்மாவிடம் வேண்டாம். அந்தப் போட்டோவை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். இதையெல்லாம் படித்த பிறகும் அவன்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் கூச்சப்படாமல் சொல். எனக்குப் பிடிக்காது, ஆனாலும் திரும்பிப் போய் அந்த மோரைக் குடித்துவிட்டு வருகிறேன். ஆனால் அப்போது அவன் உன்னைப் பார்க்க வர மாட்டான். நீ அவனைப் பார்க்கப் போவாய், என்னென்ன கேட்க வேண்டுமோ எல்லாவற்றையும் நீ கேட்பாய், அவன் பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் நான் பக்கத்தில் இருப்பேன். இனி யார் வந்தாலும் அப்படித்தான். நாலு பேரிடம் சிகரெட்டையும் குடியையும் விசாரித்துவிட்டு மகளைக் கொடுப்பதற்கு எனக்கு இனிமேல் தைரியம் இல்லை.

நாலாவது இடமும் தட்டிப் போனது என்று ஊரில் பேசுவார்கள். பூ மார்க்கெட்டிலும் பேசுவார்கள். பெரியப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை, உன் அம்மா சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சனிக்கிழமை வழக்கம்போலக் கிளம்பி வா. நல்ல சேலை எதுவும் எடுத்துவர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம்.

மனது சரியில்லை, வரத் தோன்றவில்லை என்றால் வராதே. ஆனால் அதைச் சொல்லி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், அது வந்து சேருவதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். செம்பட்டியில் மதுரை பஸ் நிற்கிற இடத்தில் நான் இருப்பேன். நீ வரவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் இருப்பேன்.

அப்பா